வடக்கே போன மலை

ஜனவரி 6, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்கு ஏறி, காற்றுக்குழாயின் வாயில் படிந்திருந்த உறைபனியைத் துணியால் துடைத்தேன். பதினேழு வருடங்களாக மார்கழியில் என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. பல் துலக்குவதுகூட அதற்குப் பிறகுதான். கீழே வந்து கருவியைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. நூறு கோடி பங்கு காற்றில் ஐம்பத்திரண்டு பங்கு ஓசோன். பனிக்காலத்துக்குச் சரியான எண். மனதுக்குள் அதற்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, ஓட்டை அடைபட்டுவிட்டதா என்று கேட்பார்கள். அது எங்கோ இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் காக்கிற ஓசோன். நான் அளப்பது மூக்குக்கு நேரே இருப்பது. அதிகமானால் இருமல் வரும், பீன்ஸ் இலை கருகும். இதைச் சொன்னதும் அவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விடும்.

பத்து மணிக்குச் சிவக்கொழுந்து சார் கூப்பிட்டார். நிலையத்தின் பொறுப்பாளர். ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார்.

"எப்சிபா, வியாழக்கிழமை ஜெர்மனியிலேர்ந்து ஒரு விஞ்ஞானி வராங்க. ஒரு மாசம் இருப்பாங்க. நம்ம பதினேழு வருஷ டேட்டாவும் அவங்களுக்கு வேணுமாம். டாக்டர் வடிவுன்னு பேரு. உங்க ஊர்ப்பக்கம்தான்."

"தெரியும் சார். எம்.எஸ்சி.யில என் பக்கத்து பெஞ்சு."

"அட, நல்லதாப் போச்சு. கெஸ்ட் ரூம்ல கீசர் ஓடுதான்னு பாத்துருங்க."

பார்த்தேன். ஓடுகிறது. ஓடாமல் இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜனவரி 9, வியாழன்

வந்துவிட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று எழுதத் தெம்பில்லை. இன்று எழுதுகிறேன்.

சங்கரவடிவு தலைக்குச் சாயம் பூசுவதில்லை. முன்நெற்றியில் கற்றையாக நரை. அது அவளுக்கு அழகாக இருக்கிறது. எனக்கும் அதே இடத்தில்தான் நரைக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போகிறது. வண்டியை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூட எடுக்காமல் என்னைக் கட்டிக்கொண்டு, "என்னளா எப்சி, இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்றாள். நான் மெலியவில்லை. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மூச்சு வாங்கவில்லை.

இருபது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அப்படியே திருநெல்வேலித் தமிழ் பேசுகிறாள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்த நான் அதைத் தொலைத்துவிட்டேன். "என்னளா, மதுரைக்காரி மாதிரி பேசுத?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சார் சிரித்தார்.

மதியம் அவர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார். அந்த நாற்காலியில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. சார் ஓய்வு பெற்ற பிறகு அது எனக்கு வரும் என்று அவரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

எம்.எஸ்சி.யில் நான் முதல், அவள் இரண்டாவது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு இருவரையும் பெங்களூருக்கு நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி. நான் போகவில்லை, அவள் போனாள். அவ்வளவுதான் வித்தியாசம். இதை நினைத்துப் புழுங்குகிற வயதையெல்லாம் கடந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்கள் வீட்டில் வைக்கும் வழக்கமில்லை. விருந்தினர் அறை வாசலில் வாட்ச்மேன் மனைவியோடு சேர்ந்து வடிவு கல் கூட்டிப் பானை வைத்தாள். இவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "உன் ஃபிரண்டு நல்லா பேசுறாங்க" என்றார். என் கணவர் ஞானதாஸ் இந்த ஊர்த் தபால் அதிகாரி. நாள் முழுக்கப் பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்தால் நல்லா பேசுகிறவர்களைப் பிடிக்காது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

கருவியின் வடிதாள் மாற்றினேன். பாலுக்குச் சொன்னேன். மாடியில் குரங்குகள் வந்திருந்தன, விரட்டினேன்.

வடிவின் பழைய கட்டுரை ஒன்றை இறக்கிப் படித்தேன். எங்கள் நிலையத்தின் எண்களும் அதில் இருக்கின்றன. எட்டு வருடத்துப் பனியும் மழையும் நான் மாடியேறிச் சேர்த்தவை. கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில், "நிலைய ஊழியர்களுக்கு நன்றி." ஊழியர்கள் என்றால் நானும் வாட்ச்மேனும்தான்.

ஜனவரி 20, திங்கள்

இன்று அவள் தன் வரைபடத்தைக் காட்டினாள். சார் அறையின் சுவர் முழுக்கத் திரையில் விரிந்தது. கீழே தென்கோடி, மேலே வடக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோடு. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஓசோன் ஏறி இறங்கும் கோடு.

"இங்க பாருளா. இது குமரிப் பக்கம், எட்டு டிகிரி. பிப்ரவரியில ஏறுது. மே கடைசியில மழைக்காத்து வந்ததும் படுத்துருது. கடல்லேர்ந்து வாற காத்துல்லா. சுத்தம், ஈரம் வேற. அதுல ஓசோன் நிக்காது. அப்படியே மேல போ. பதினேழு டிகிரி, மார்ச்சு ஏப்ரல்ல உச்சி. டெல்லிப் பக்கம் இருபத்தெட்டு, அங்க மே, ஜூன். நாங்க இருக்க ஊரு நாப்பத்தெட்டு. வெயில்காலம் பூரா எறங்காது. சூரியன் வடக்க போகப் போக இதுவும் பின்னாலயே போகுது, ஆட்டுக்குட்டி மாதிரி."

ஒவ்வொரு கோடும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? பதினேழு வருடமாக நான் ஒரே கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப உங்க மலை. பத்து டிகிரி. எல்லா வருசமும் பிப்ரவரி மார்ச்சுல உச்சி. ஒழுங்கான பிள்ள. மூணு வருசத்துக்கு முந்தி இந்த ஒரு வருசத்த மட்டும் பாருங்க சார். பிப்ரவரியில முப்பதுல கெடக்கு. மெல்ல மெல்ல ஏறி மே முதல் வாரத்துல உச்சி. பத்து டிகிரி செய்யுத வேலையா இது? அந்த வருசம் உங்க மலை பொட்டியக் கட்டிக்கிட்டு வடக்க போயிருச்சு."

சார் ரசித்துச் சிரித்தார். அந்த வருடம் வடக்கத்திக் காற்று வழக்கத்தை மீறித் தெற்கில் தங்கிவிட்டது, பருவங்களே இடம் மாறத் தொடங்குவதன் முதல் அடையாளம் இது என்பது அவள் எண்ணம். நிரூபித்தால் பெரிய விஷயம். பிப்ரவரி 12 அன்று புனேயில் எங்கள் எல்லா நிலையங்களுக்குமான கூட்டம். அங்கே அதைத்தான் பேசப்போகிறாள்.

"எப்சி, அந்த வருசம் எதாவது ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"மூணு வருஷம் ஆச்சு. பாக்கணும்" என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பதிவேடுகளைக் கேட்டாள். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருவியிலோ குழாயிலோ கைவைத்தால் அதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். முதல் மூன்று புத்தகங்களையும் ஐந்தாவதையும் கொடுத்தேன். நான்காவது நனைந்துவிட்டது, வீட்டில் காய வைத்திருக்கிறேன் என்றேன்.

"சரி, காயட்டும்" என்றாள்.

ஜனவரி 22, புதன்

நான்காவது புத்தகம் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஈரம் வராது.

ஜனவரி 27, திங்கள்

நாட்குறிப்பில் பொய் எழுதுவது அபத்தம். யார் படிக்கப்போகிறார்கள்.

அந்த வருடம் பிப்ரவரி 9 அன்று குரங்குகள் மாடிக் குழாயைக் கடித்துக் குதறிவிட்டன. ஓசோனுக்குச் சாதாரணக் குழாய் ஆகாது. சுவரில் பட்டாலே செத்துப்போகிற வாயு அது. டெஃப்லான் குழாய் வேண்டும். பெங்களூரிலிருந்து வர வேண்டும், அதற்கு மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும், மேலிடம் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கருவியை நிறுத்தி வைத்திருக்கலாம். நிறுத்தினால் கோட்டில் இடைவெளி விழும்.

இடைவெளி என்றால் எனக்கு ஆகாது. நாட்டிலேயே இடைவெளி குறைந்த நிலையம் எங்களுடையது. என் பிரசவத்தின்போதுகூட நான்கு நாள்தான் விட்டுப்போனது.

கடைத்தெருவில் மீன்தொட்டி விற்கிறவனிடம் காற்றுக்குழாய் இருந்தது. எங்கள் கருவியின் வாய்க்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ஆறு மீட்டர் வாங்கி மாட்டினேன். சிவப்பு மையில் எழுதினேன்: "தற்காலிகமாக மீன்தொட்டிக் குழாய். இந்த நாட்களை நீக்க வேண்டும்." ஜூன் 2 அன்று டெஃப்லான் வந்தது. நூற்றுப்பதின்மூன்று நாள்.

புதுப் பிளாஸ்டிக் ஓசோனை அதிகமாகத் தின்னும். நாளாக நாளாக அதற்குத் தெவிட்டிப்போய்க் குறைவாகத் தின்னும். அதனால்தான் கோடு பிப்ரவரியில் தாழ்ந்து கிடந்து, மெல்ல ஏறி, மே மாதம் உச்சிக்கு வந்தது. மலை எங்கேயும் போகவில்லை. திரையில் அந்தக் கோட்டைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் நீக்கவில்லை என்றால், மறந்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மறக்கவில்லை. ஆகஸ்டில் ஆண்டறிக்கைக்குக் கணக்கெடுத்தேன். அந்த நாட்களைச் சேர்த்தால், வருடத்தில் பதிவான நாட்கள் தொண்ணூற்றெட்டு சதவீதம். நீக்கினால் அறுபத்தேழு. மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தொண்ணூற்றெட்டு என்று தட்டச்சு செய்தேன். தேதி ஆகஸ்டு 17. அந்த வருடம் தொடர் பதிவுக்கான கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. சார் அறையில் மாட்டியிருக்கிறது. வடிவு அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்கிறாள்.

ஜனவரி 30, வியாழன்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"எப்சிபா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. என் எடத்துக்கு உங்களத்தான் எழுதி அனுப்பினேன். இப்ப மேல வேற மாதிரி யோசிக்கிறாங்க. அந்தம்மாவுக்கு மார்ச்சோட அங்க ஒப்பந்தம் முடியுது. அவங்க அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கிட்டே வருதாம், இந்தப் பக்கமே வந்துரணும்னு பாக்குறாங்க. புனேல அவங்க பேச்சு எடுபட்டா இந்த எடத்த விஞ்ஞானி பதவியா மாத்தி அவங்களுக்கே குடுத்துருவாங்க. இல்லன்னா உங்களுக்குத்தான்."

"சரி சார்."

"நீங்களும் அவங்களும் ஃபிரண்ட்ஸ்தானே. அனுசரிச்சு இருந்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அவள் புனேயில் மீன்தொட்டிக் குழாயைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். அந்த அவையில் குழாய் தெரிந்தவன் ஒருவனாவது இருப்பான். எழுந்து ஒரு கேள்வி கேட்பான். கண்டுபிடிக்காமல் விட்டாலோ, அவள் இங்கே வந்து என் தலைக்குமேல் உட்கார்ந்து, அந்தப் பொய்க் கோட்டின் மேல் ஊர்ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருப்பாள். அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். இரண்டில் எது எனக்குப் பிடிக்கும் என்று யோசித்தபடி பத்துச் சட்டை மடித்திருக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

இவர் வடிவைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. தோசையும் கோழிக்குழம்பும்.

என்னவோ பேச்சு வந்தது. இவர் குஷியாகிவிட்டார். "இவ ஒரு தடவ என்னய ஊரே சிரிக்க வச்சா, கேளுங்க. பெங்களூர்லேர்ந்து ஏதோ குழாய் வரணும். தெனம் காலைல ஒம்பது மணிக்குக் கவுன்ட்டர்ல வந்து நிப்பா. ‘என் குழாய் வந்துச்சா?’ வரிசையில நிக்குற பென்ஷன்காரங்கெல்லாம், ‘சார், இன்னைக்காவது அந்தம்மா குழாயக் குடுத்துருங்க’ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மூணு மாசம்."

"எந்த வருசம் அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

"நான் பிரமோஷன்ல வந்த வருஷம். மூணு வருஷம் இருக்கும். ஜூன் மாசம் வந்து சேந்துச்சு."

"தோச ஆறுது" என்றேன்.

வடிவு குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இன்னொண்ணு போடுளா, மொறுவலா" என்றாள்.

அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மூன்றாவது தோசை கேட்பாளா.

பிப்ரவரி 3, திங்கள்

கருவியில் ஐம்பத்தெட்டு. வானம் சுத்தம். வடிவு காலையில் மாடிக்குப் போய்க் குழாய்க்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். வெயில் காய்கிறாள் போல.

நான்காவது புத்தகத்தைப் பற்றி அவள் மறுபடி கேட்கவே இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மதியம் தேநீர் கொண்டுபோனேன். பழைய பொருள் வரவுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூடி வைத்துவிட்டு, "எப்சி, ஒனக்கு எங்கிட்ட எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"சீனி போதுமா?" என்றேன்.

"போதும்ளா."

வாசல் வரை வந்து நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தைதான். அவள் முகத்தில் ஒரு பொறுமை இருந்தது, மருத்துவமனையில் நர்ஸ் முகத்தில் இருக்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் வெளியே போய்விட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

புனே பேச்சுக்கான படங்களைச் சாருக்கும் எனக்கும் அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன்.

எல்லா ஊரின் கோடுகளும் இருக்கின்றன. ஆட்டுக்குட்டிகள் வரிசையாக வடக்கே போகின்றன. எங்கள் மலையின் அந்த ஒரு வருடம் மட்டும் இல்லை. கீழே ஒரு சிறு குறிப்பு: "கருவிப் பராமரிப்பு காரணமாகச் சில நாட்கள் சேர்க்கப்படவில்லை."

சார் குழம்பிப்போயிருந்தார். "என்ன எப்சிபா, அந்தம்மா முக்கியமான விஷயத்தையே எடுத்துட்டாங்க. மிச்சத்த வச்சு என்ன பண்றது. இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு நல்லதுதான்" என்றார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் பெரிய கண்டுபிடிப்பைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு, என் தவறுக்கு மேல் ஒரு பாயை விரித்து மூடிவிட்டாள்.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இப்படி ஒன்றைச் செய்ய என்னால் முடியாது. அதுவும் அவளிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனேன். அம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே புனே போகிறாள். மதுரை பஸ் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி வாங்கினாள். எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு.

"ஏன் அந்த வருஷத்த எடுத்த?" என்று கேட்டேன்.

"அது சரியில்லளா. ஒனக்கே தெரியும்."

"தெரிஞ்சா என்னைக் கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். நீ சீனி போதுமான்னு கேட்ட."

பஜ்ஜியின் எண்ணெயைத் தாளில் ஒற்றி எடுத்தேன். "நீ எதுக்கு எனக்காகப் பொய் எழுதணும்? பராமரிப்பாம் பராமரிப்பு."

"சின்ன விசயம், விடு. எனக்கு இந்த எடம் இல்லன்னா இன்னொண்ணு. எங்கம்மைய வச்சுக்கிட்டு சென்னையில எங்கயாவது பாத்துக்கிடுவேன். ஒனக்கு இந்த மலைய விட்டா என்ன இருக்கு, சொல்லு."

அன்போடுதான் சொன்னாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

"நான் ஒண்ணும் உன் பிச்சையில உக்கார வேண்டியதில்ல" என்றேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

வடிவு பஜ்ஜித் தாளை நான்காக மடித்தாள். பிறகு மெதுவாக, "பெங்களூர்லயும் இப்படித்தான்ளா. நான் மாடி ஜன்னல்ல நின்னேன். நீ பச்ச சேலை கட்டிக்கிட்டு கேட்டு வரைக்கும் வந்த. பத்து நிமிசம் நின்ன. அப்புறம் ஆட்டோ ஏறிப் போயிட்ட. உள்ள ஒம்பேரக் கூப்புட்டாவ. காய்ச்சல்னு சொன்னேன். இத்தன வருசம் யாருட்டயாவது சொன்னனா? ஒங்கிட்டயே சொன்னனா?" என்றாள்.

பஸ் உறுமத் தொடங்கியது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு போன் போடுதேன்" என்றாள். கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது உண்மை. அது மார்ச்சில். நேர்முகம் ஜூனில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைக்குச் சாயம் பூசுகிற ஞாயிறு இது. அதையும் செய்யவில்லை. இவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஐம்பத்தாறு. கருவிக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை. நல்ல குழாய் போட்டால் உள்ளதைச் சொல்லும். மட்டமான குழாய் போட்டால், அது தின்றது போக மிச்சத்தைச் சொல்லும். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்லும்.

சார் ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலியின் சக்கரத்தில் ஒன்று சிக்குகிறதாம். "உங்களுக்கு வர்றதுக்குள்ள சரிபண்ணி வச்சுடறேன்" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டிய விதம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளைக்குப் பதினொரு மணிக்கு அவள் பேசுகிறாள்.

மாலையில் எல்லாரும் போன பிறகு தரவு மையத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஏற்கெனவே அனுப்பிய எண்களைத் திரும்பப் பெற அங்கே ஒரு படிவம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதை நான் திறந்ததில்லை. நிலையத்தின் பெயர். நாட்கள், எத்தனை. காரணம். பிழையைக் கண்டுபிடித்தவர். கண்டுபிடித்த தேதி. நிரப்பி அனுப்பினால் எல்லா நிலையங்களுக்கும், மேலிடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

காரணத்தை எழுதினேன். குரங்கு, மீன்தொட்டிக் குழாய், ஆறு மீட்டர். அது சுலபமாக வந்தது. நூற்றுப்பதின்மூன்று என்று எழுதுமுன் மட்டும் நாட்களை இன்னொருமுறை எண்ணிப் பார்த்தேன்.

கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் முதலில் வடிவின் பெயரை எழுதினேன். தேதி பிப்ரவரி 1. பார்க்க நன்றாக இருந்தது. அவள் எனக்குக் கொடுத்ததை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தமாதிரி. ஒரு சின்னத் தவறு செய்தவள், தோழி சுட்டிக்காட்டியதும் நேர்மையாக ஒப்புக்கொண்டாள் என்று எல்லாரும் சொல்வார்கள். சார்கூட, "அதனால என்ன எப்சிபா" என்பார். நாற்காலிகூடக் கிடைத்துவிடலாம். படிக்கப் படிக்க எனக்கு என்னைப் பிடித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

அந்தப் பெயரை எழுதினால், நான் மூன்று வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்தவள் ஆகிவிடுவேன். அவள் விரித்த பாயைவிட அது பெரிய பாய். அதை நெய்தவளும் நானாக இருப்பேன்.

அழித்துவிட்டேன். கட்டம் காலியாக இருக்கிறது. படிவத்தை மூடாமல் வீட்டுக்கு வந்து, கஞ்சி வைத்து, இவருக்குப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இவர் வெளியறையில் செய்தி பார்க்கிறார். இவரிடம் சொல்லவில்லை. சாரிடம் சொல்லவில்லை. வடிவு மத்தியானம் போன் செய்தாள், அம்மா தன்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளிடமும் சொல்லவில்லை.

நாளைக் காலை ஒன்பதரைக்கு, அவள் மேடை ஏறுவதற்கு முன்னால், அந்தக் கட்டத்தில் எப்சிபா ஞானதாஸ் என்று எழுதுவேன். தேதி ஆகஸ்டு 17, இரண்டரை வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டு. எழுதியதும் அனுப்பிவிடுவேன். கேடயம் போகும், நாற்காலி போகும், அதற்கு மேலும் என்னவெல்லாம் போகும் என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பிழையை முதலில் பார்த்தது அவள் இல்லை. நான்தான்.